செவிக் காவலர்

மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 'நற்செவிப் பட்டயம்' வாங்கிய மனிதர், தமக்குக் காது கேட்கவில்லை என்று எழுதிக்கொடுப்பதற்காகச் செவிநலக் காப்பு வாரியத்தின் படியேறினார். ஏறும்போதே இரண்டு முறை நின்றார். மூட்டுவலி ஒன்றுமில்லை, வெட்கம்தான்.

அவரை எல்லாரும் மேஸ்திரி என்றே கூப்பிடுவார்கள். மீனையும் கோழியையும் உறையவைத்துப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் உறைகூடத்துக்கு மேஸ்திரி. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. உறைகூடம் என்பது ஜன்னலே இல்லாத ஒரு நீண்ட அறை. உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி. கூரையோரமாக ஆள் உயரமுள்ள பன்னிரண்டு விசிறிகள் குளிரை இறைத்துக்கொண்டே இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர். தரையில் இரும்புத் தட்டுகளைப் போட்டு எடுக்கும் சத்தம் வேறு. பக்கத்தில் நிற்பவன் வாயைத் திறப்பது தெரியும். வாயிலிருந்து வருவது ஆவி மட்டும்தான்.

இந்தச் சத்தத்திலிருந்து காதைக் காக்க ஆளுக்கு இரண்டு ஜோடி பஞ்சு கொடுத்திருந்தார்கள். மஞ்சள் நிறம், சுண்டுவிரல் நுனியளவு. உருட்டி ஒல்லியாக்கிக் காதுக்குள் விட்டால் உப்பிக்கொண்டு அடைத்துக்கொள்ள வேண்டும். சாதாரண அறையில் அது அப்படித்தான் உப்பும். உறைகூடத்தில் சாக்கட்டி மாதிரி விறைத்துப்போகும். ஆட்கள் இதற்குத் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு ஜோடி காதில் இருக்க, மற்ற ஜோடியைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு வேலை செய்வார்கள். காதில் இருப்பது விறைத்ததும் வாயில் இருப்பது காதுக்குப் போகும். பார்க்க அழகாயிராது, ஆனால் வேலை நடந்தது.

வாரியம் இதைக் கேள்விப்பட்டு உடனே நடவடிக்கை எடுத்தது. பஞ்சை வாயில் வைப்பது சுகாதாரக் கேடு என்றும், உறைகூடத்தின் உட்சுவரில் பொருத்தப்பட்ட பெட்டியில் மட்டுமே வைக்க வேண்டும் என்றும் சுற்றறிக்கை வந்தது. அன்று முதல் பஞ்சு இரவும் பகலும் உறைந்தே கிடந்தது. காதுமூடியும் கொடுத்திருந்தார்கள். அதைக் கம்பளிக் குல்லாய்க்கு மேல் மாட்டினால் இடுக்கு வழியாகச் சத்தம் நுழையும். குல்லாயைக் கழற்றிவிட்டு மாட்டினால் காதுமடல் கறுத்து உரியும். எதை இழப்பது என்பதைத் தொழிலாளியின் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள்.

மேஸ்திரிக்குக் காது போகத் தொடங்கி எட்டு வருஷம் ஆகிறது. முதலில் போனது குருவிச் சத்தம். அதை அவர் ஒரு நஷ்டமாகக் கருதவில்லை. அடுத்து வாசல் மணி போயிற்று, குக்கர் விசில் போயிற்று, பிறகு பெண்களின் குரல். ஆண்கள் குரல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, வலது காதில். யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. அவர் வம்சத்தில் யாரும் கண்ணாடி போட்டதில்லை, கைத்தடி ஊன்றியதில்லை. அவருடைய அப்பா எண்பத்தேழாம் வயதில், கடைசி மூச்சு விட்ட அன்று காலையிலும், அடுத்த அறையில் பேசிக்கொண்டிருந்தவர்களின் கணக்கைப் படுத்தபடியே திருத்தினார். அப்படிப்பட்ட வீட்டுக்குள் 'செவிடு' என்கிற சொல் செருப்போடு நுழைவதை மேஸ்திரி எப்படி அனுமதிப்பார்? பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் அதை ஒரு பேச்சாகப் பேசமாட்டார்களா?

ஆகவே அவர் தேர்ச்சி பெற்றார். வாரியத்தின் நர்ஸ் வருஷத்துக்கு ஒரு முறை சோதனைப் பெட்டியோடு தொழிற்சாலைக்கு வருவாள். காதில் கருவியை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லி, பின்னால் உட்கார்ந்துகொண்டு பொத்தானை அமுக்குவாள். எதிரே கதவில் ஒரு கண்ணாடிச் சட்டம் இருந்தது. அதில் அவள் தோள் தெரியும். அமுக்கும்போதெல்லாம் வலது தோள் லேசாக ஏறி இறங்கும். தோள் ஏறினால் மேஸ்திரியின் கையும் ஏறும். இப்படியாக அறுபது வயதை நெருங்கும் மனிதருக்கு இருபது வயதுக்காரனின் செவி இருப்பதாகப் பதிவாயிற்று. வாரியம் பூரித்துப்போய்ப் பட்டயம் கொடுத்தது. அவர் படத்தைப் பெரிதாக்கித் தலைமையகத்தில் மாட்டியது. கீழே 'எங்கள் காப்பில் ஒரு செவி' என்று எழுதியிருந்தது.

மானம் காக்க அவர் கொடுத்த விலையும் கொஞ்சநஞ்சமல்ல. ஒருநாள் சம்பந்தி போன் செய்து, தம்முடைய தாயார் தவறிப்போன செய்தியைச் சொன்னார். மேஸ்திரி தொனியை வைத்து ஊகித்து, "ரொம்ப சந்தோஷம் சம்பந்தி. இதுமாதிரி இன்னும் நிறைய நடக்கணும்" என்று வாழ்த்தினார். ஆறு மாதம் அந்த வீட்டார் பேசவில்லை. மேஸ்திரிக்குத் திமிர் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. திமிர் அவர் வம்சத்தில் ஏற்கெனவே உண்டு. அதனால் யாருக்கும் இழுக்கு வந்ததில்லை.

அவரை உடைத்தது வேறொன்று.

அவருடைய ஒரே பெண் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள். அம்மாவிடம் சொல்லாததை அப்பாவிடம் சொல்லும் பெண். போனில் உதட்டைப் பார்க்க முடியாது. ஆனால் அவள் பேச்சுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் உடம்பு, பிறகு வேலை, கடைசியில் "ஏதாவது வேணுமாப்பா?" அவர் இடைவெளி பார்த்து "ஆமாம்மா" போடுவார். கடைசி இடைவெளியில், "வேண்டாம்மா, எங்களுக்கு என்ன குறை" என்பார். வருஷக்கணக்காக இது பிசகியதில்லை.

போன மாசி முடிந்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசி இடைவெளி வழக்கத்தைவிட நீண்டது. அவர் வழக்கம்போல, "வேண்டாம்மா, எங்களுக்கு என்ன குறை" என்றார். போன் வைக்கப்பட்டது.

மூன்று வாரம் கழித்து, பெண்ணின் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் மனைவிக்குத் தெரிந்தது. அவள் மேஸ்திரியை வெளிச்சத்தில் உட்காரவைத்து, முகத்துக்கு நேரே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஏங்க, அன்னிக்கு அவ என்ன கேட்டா தெரியுமா? இந்த வீட்டுல என்னால இருக்க முடியல, கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமாப்பான்னு கேட்டிருக்கா."

மேஸ்திரி அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வேண்டாம்னீங்களாம்."

"இப்பவே வரச் சொல்லு."

"சொல்லாம இருப்பேனா? எல்லாம் சரியாயிடுச்சும்மாங்கறா. சரியாகல, எனக்குத் தெரியும். ஆனா உங்க பொண்ணுல்ல. ஒருதரம் கேட்டு இல்லேன்னு ஆனப்புறம் என்கிட்டயா வாயைத் திறப்பா? இன்னொரு தடவை கேட்டா அது உங்ககிட்டத்தான். அன்னிக்காவது உங்க காதுல விழணும்."

"எனக்குக் கேக்கலைன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"ஏழு வருஷமாத் தெரியும். உங்க மானத்தை நானும்தானே காப்பாத்திக்கிட்டு வரேன்."

அடுத்த நாளே இருவரும் வெளியூரில் ஒரு காது டாக்டரைப் பார்த்தார்கள். உள்ளூர் டாக்டர் என்றால் செய்தி பரவிவிடும். டாக்டர் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார்: இடது காது முடிந்தது. வலது காதில் கொஞ்சம் இருக்கிறது. அந்தக் குளிரையும் சத்தத்தையும் விட்டு வெளியே வந்தால், ஒரு கருவி வைத்துப் போனில் பேசலாம். உள்ளேயே இருந்தால் ஒரு வருஷம்கூட நிற்காது.

உறைகூடத்திலிருந்து வெளி முற்றத்துக்கு மாற்றல் வாங்க வாரியத்தின் சான்று வேண்டும். அதனால்தான் மேஸ்திரி படியேறினார்.

வாரியத்தின் கட்டடத்தில் கம்பளம் விரித்திருந்தார்கள். கதவுகளுக்கு ரப்பர் ஒட்டியிருந்தார்கள். இதமான சூடு. ஓர் ஊசி விழுந்தால் ஊழியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காத்திருப்போர் கூடத்தில் சுவரில் மேஸ்திரியின் படம். அதற்குக் கீழேயே இடம் கிடைத்து, மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். மனுதாரர்களை ஒலிபெருக்கியில் எண் சொல்லி அழைத்தார்கள். மேஸ்திரியின் எண் வந்ததும் மனைவி முழங்கையைத் தொட்டாள். அவர் எழுந்து போனார்.

குமாஸ்தா ஏதோ எழுதினான். "என்ன விஷயமா வந்தீங்க?"

பின்னாலேயே வந்த மனைவி சொன்னாள்: "இவருக்குக் காது கேக்கலைங்க."

"கூப்பிட்டதும் வந்தாரே. 'அழைப்புக்கு உடனே இணங்கினார்'னு எழுதிட்டேன்."

"நான் தொட்டேன், அதான் வந்தார்."

"அப்படியா? அப்ப அது செல்லாது." அவன் அடித்துவிட்டான். வேலையில் நேர்மையான பையன். "நீங்க வெளியில நில்லுங்க. அவர் மட்டும் உள்ள உக்காரட்டும். மறுபடி கூப்பிடறேன்."

மனைவி கண்ணாடிக்கு வெளியே நின்றாள். குமாஸ்தா மூன்று முறை எண்ணைச் சொன்னான். மூன்றாவது முறை, கருணையோடு, கொஞ்சம் மெதுவாகவும் சொன்னான். மேஸ்திரி தம் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குமாஸ்தா எழுதினான்: 'மூன்று முறை அழைத்தும் மனுதாரர் ஆஜராகவில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது.'

மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். "என்ன தம்பி இது? கேக்காதுன்னுதானே வந்திருக்கோம்."

"கேக்காதவங்களை எண் சொல்லிக் கூப்பிடமாட்டோம்மா. ஆளே நேர்ல வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. அதுக்கு ஒரு அட்டை இருக்கு."

"அந்த அட்டையைக் குடுங்க."

"உள்ள குடுப்பாங்க."

"உள்ள எப்படிப் போறது?"

"எண் கூப்பிடுவோம்."

அவள் அங்கிருந்து நகரவில்லை. குமாஸ்தா சங்கடத்தில் நெளிந்து, அண்ணாந்து சுவரைப் பார்த்தான். பிறகு மேஸ்திரியைப் பார்த்தான். மறுபடி சுவரைப் பார்த்தான். எழுந்து நின்றுவிட்டான்.

"ஐயா, நீங்களா? முதல்லயே சொல்லக்கூடாதா. நற்செவிக்காரங்களுக்கு இங்க எண்ணே கிடையாது. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்." கையைப் பிடித்து அழைத்துப் போனான்.

சோதனை அறையில் அதே நர்ஸ் இருந்தாள். இந்தத் தடவை மேஸ்திரி கண்ணை இறுக மூடிக்கொண்டார். நர்ஸ் அமுக்கினாள். இன்னும் அமுக்கினாள். கருவியைத் தட்டிப் பார்த்தாள். எழுந்து வந்து அவர் கண் திறக்கும்வரை முன்னால் நின்றாள்.

"என்னண்ணே இது? கையே தூக்கலையே."

"கேக்கலம்மா."

"போன வருஷம் நான் அமுக்கறதுக்கு முன்னாடியே தூக்குனீங்க."

மேஸ்திரி தம் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொய்யை ஒப்புக்கொண்டார். கதவுக் கண்ணாடியைச் சொன்னார். தோளைச் சொன்னார். நர்ஸ் தன் வலது தோளை இடது கையால் பொத்திக்கொண்டாள், யாரோ அதை அவிழ்த்துவிட்டதுபோல.

"அண்ணே, இதை இன்னொருத்தர்கிட்டச் சொல்லாதீங்க. எட்டு வருஷமா நான் எத்தனை ஆயிரம் பேருக்குச் சோதனை பண்ணியிருக்கேன். என் தோளைப் பாத்துக் கை தூக்கினாங்கன்னா, வாரியம் என்னைக் கேக்காதா? உங்களைத்தான் விடுமா? சோதனையில ஏமாத்தினதா எழுதிட்டா வேலையே போயிடும்."

"அப்ப இன்னிக்கு வந்ததையாவது எழுதும்மா."

"எழுதறேன். அதுல குறையே வைக்கமாட்டேன்."

எழுதினாள். ஆனால் வாரியத்தின் விதிப்படி, ஒரு செவியின் தரம் என்பது ஒரு நாள் சோதனையின் முடிவல்ல, கடந்த ஒன்பது சோதனைகளின் சராசரி. எட்டு உன்னதமான முடிவுகளோடு ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து ஒன்பதால் வகுத்ததில், மேஸ்திரியின் செவி இன்னமும் தொழிற்சாலையிலேயே முதலிடத்தில் இருந்தது.

மேஸ்திரி விடவில்லை. மேல்முறையீடு எழுதினார். மேல்முறையீடு வந்தால் இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பது விதி. ஆகவே வாரியத் தலைவர், இரண்டு உறுப்பினர்கள், சத்தம் அளக்கும் அதிகாரி ஆகியோர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை உறைகூடத்துக்கு எழுந்தருளினார்கள். ஆளுக்கு ஒரு கோட்டு, அதன்மேல் ஒரு கோட்டு. அளக்கும் அதிகாரி கருவியை வெளியே எடுத்தார். பத்து எண்ணுவதற்குள் அதன் திரை குளிரில் அணைந்துபோயிற்று. வேறொரு கருவி எடுத்தார். அதுவும் அணைந்தது. கையேட்டைப் புரட்டினார். பூஜ்யத்துக்குக் கீழே கருவியை உபயோகிக்கலாகாது என்று போட்டிருந்தது. ஆகவே அவர் வெளியே போய், உணவுக் கூடத்தில் நின்று அளந்தார். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் சற்று அதிகம் என்று குறித்துக்கொண்டார்.

தலைவர் ஆட்களுக்கு நாலு வார்த்தை சொல்ல விரும்பினார். வாயைத் திறந்தார், ஆவி வந்தது. யாரும் எதுவும் செய்யாததைப் பார்த்து, மேலே சுற்றும் விசிறிகளைச் சுட்டினார். மேனேஜர் ஓடிப்போய் விசிறிகளையும் கம்ப்ரஸரையும் நிறுத்தினார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக உறைகூடம் நிசப்தமாயிற்று. ஆட்கள் திகைத்துப்போய், ஏதோ விபத்து என்று நினைத்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நண்பர்களே," என்றார் தலைவர். "சத்தம் சத்தம்னு நிறைய மனு வருது. நான் இப்ப இங்க நின்னு சாதாரணமாப் பேசறேன். உங்க எல்லாருக்கும் கேக்குது. எங்க சத்தம்?"

யாரும் பதில் சொல்லவில்லை. இதை ஒப்புதலாகக் குறித்துக்கொண்டார்கள்.

உறுப்பினர்களில் ஒருவர் புத்திசாலி. சுவரில் இருந்த வெண்கல மணியைப் பார்த்து, அது எதற்கு என்று கேட்டார். மேனேஜர் சொன்னார்: உறையவைக்க ஒரு வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, வாசமில்லை. குழாய் கசிந்தால் மணி அடிக்கும். அடித்தவுடன் எல்லாரும் வெளியே ஓட வேண்டும். ஓடாவிட்டால் நாலு நிமிஷம்.

"நாலு நிமிஷத்துல என்ன?"

"அதுக்கப்புறம் ஓட வேண்டியதில்ல."

"விசிறி ஓடுறப்போ, காதுல பஞ்சும் இருக்கறப்போ, மணி கேக்குமா?"

மேனேஜர் கையைப் பிசைந்தார். அந்த உறுப்பினர் எதையோ நீளமாக எழுதிக்கொண்டார். மேஸ்திரி இதை உதட்டில் படித்தார். வந்த நாலு பேரில் ஒருவராவது சரியான கேள்வி கேட்டாரே என்று அவருக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் பதினைந்து நாள் நீடித்தது.

பதினைந்தாம் நாள் வாரியத்தின் மன்றத்தில் விசாரணை. மேஸ்திரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். உரக்கப் பேசினார். காது போனவர்கள் உரக்கத்தான் பேசுவார்கள். அந்தக் கம்பளம் விரித்த கூடத்தில் எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டார்கள்.

"ஐயா, எனக்குக் காது கேக்காது. நான் செவிடு. எங்க பரம்பரையில முதல் செவிடு நான்தான். இதை நாலு பேர் நடுவுல நானே சொல்றேன், எழுதிக்குங்க. ஒரு காதுல கொஞ்சம் மிச்சம் இருக்கு. அது என் பொண்ணுக்கு வேணும். என்னை வெளி முற்றத்துக்கு மாத்திடுங்க. சாகற வரைக்கும் உங்ககிட்ட வேற எதுவும் கேக்கமாட்டேன்."

தலைவர் உருகிப்போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மேஸ்திரிக்குப் புரிய வேண்டும் என்று, ஓர் உறுப்பினரைவிட்டுத் தம் பேச்சைத் தாளில் எழுதிக் காட்டச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"மேஸ்திரி, நீங்க பெரிய மனுஷன். பெரியவங்களுக்குத்தான் இவ்வளவு அடக்கம் வரும். இந்த வாரியம் ஆரம்பிச்சுப் பத்து வருஷம் ஆச்சு. இந்தப் பத்து வருஷத்துல ஒரே ஒரு தொழிலாளியைக்கூட நாங்க செவிடுன்னு சொன்னதில்ல. வேற எந்த வாரியம் இப்படி மார்தட்டிக்க முடியும்? கண் வாரியம் வருஷத்துக்கு முந்நூறு குருடுன்னு எழுதுது. நுரையீரல் வாரியத்தைப் பத்திப் பேசவே வேண்டாம். நாங்க மட்டும்தான் சுத்தம். இன்னிக்கு உங்க ஒரு காது போச்சுன்னு நான் எழுதினா, நாங்க காப்பாத்தினதா எழுதின பதினோராயிரம் காதையும் மறுபடி பாக்கணும். பாத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சதாலதானே பாக்கறதில்ல. உங்க ஒருத்தர் காதுக்காகப் பதினோராயிரம் காதோட மானத்தை நான் வாங்கலாமா? நீங்களே சொல்லுங்க. மானம்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

மேஸ்திரி தாளைப் படித்தார். 'மானம்' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. தம்முடைய சொந்த வார்த்தையை இன்னொருவர் கையெழுத்தில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

பிறகு தீர்ப்பை வாசித்தார்கள், அதையும் அவருக்குத் தாளில் எழுதிக் காட்டினார்கள். மாற்றல் மனு தள்ளுபடி. ஆனால் உறைகூடத்தில் வாயு மணி கேட்காது என்கிற மிகக் கடுமையான குறையை வாரியம் கண்டறிந்திருக்கிறது. அதைப் போக்க 'செவிக் காவலர்' என்றொரு பதவி உண்டாக்கப்படுகிறது. செவிக் காவலர் பணிநேரம் முழுவதும் உறைகூடத்தில் மணிக்கு அடியில் நிற்க வேண்டும். மணி அடித்தால் கையை வீசி மற்றவர்களை வெளியேற்ற வேண்டும். மணியைத் தெளிவாகக் கேட்கும் பொருட்டு அவர் பஞ்சோ காதுமூடியோ குல்லாயோ அணியலாகாது. தொழிற்சாலையிலேயே சிறந்த செவி உடையவரே இதற்குத் தகுதி. பதிவேட்டின்படி அவர்…

மேஸ்திரி எழுந்தார். "மணிக்குப் பதிலா ஒரு சிவப்பு விளக்கு போடுங்கய்யா. நாப்பது ரூபாய் பல்பு. எல்லாருக்கும் தெரியும்."

தலைவர் வருத்தத்தோடு தலையசைத்தார். "விளக்கு கண் வாரியத்தோட விஷயம் மேஸ்திரி. நாங்க அதுல தலையிட முடியாது."

எல்லாரும் கை தட்டினார்கள். கைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பிரிவதை மேஸ்திரி பார்த்தார்.

பணி தொடங்கிய அன்று, உடை மாற்றும் அறையில் அவர் ஆட்களை நிறுத்தினார். இருபத்துமூன்று பேர். பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"டேய், எல்லாரும் கேளுங்க. என்னை நம்பாதீங்க. மணி அடிச்சா எனக்குத் தெரியாது. எனக்குக் காது கேக்காது."

ஒருவன் சிரித்தான். பிறகு இன்னும் இரண்டு பேர். ஏற்றி இறக்கும் வேலையில் இருந்த வயதானவர் ஒருவர், எல்லாரும் மூக்கன் என்று கூப்பிடுபவர், மேஸ்திரியின் முன்னால் வந்து வாயை அகலத் திறந்து பேசினார்.

"மேஸ்திரி, இங்க யாருக்குக் கேக்குது? எனக்குக் கேக்குதா? அந்தா அவனுக்குக் கேக்குதா? வருஷா வருஷம் எல்லாரும்தான் தேறிக்கிட்டிருக்கோம். அவனுக்குத் தங்கச்சி கல்யாணம் ஆகணும். எனக்குப் பொண்டாட்டி வீட்டுல மரியாதை. ஆளுக்கு ஒரு காரணம். இத்தனை பேர்ல உங்களுக்கு ஒருத்தருக்காவது நெசமாவே காது இருக்குன்னுதான் நாங்க தைரியமா உள்ள போறோம். அதையும் கெடுக்காதீங்க."

"இல்லடா, நெசமாத்தான்…"

"அடக்கம் போதும் மேஸ்திரி. சுவத்துல உங்க படத்தை நாங்களும் பாத்தோம்." மூக்கன் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் நடையில் பல வருஷமாக இல்லாத ஒரு தெம்பு இருந்தது.

இருபத்துமூன்று பேரும் உள்ளே போனார்கள். மேஸ்திரி வெறுந்தலையோடு மணிக்கு அடியில் போய் நின்றார். பன்னிரண்டு விசிறிகளும் சுழலத் தொடங்கின. அவற்றை அவர் பல்லில்தான் உணர்ந்தார்.

அரை மணி நேரத்தில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மணியைக் கேட்க முடியாது, ஆனால் ஆட்களைப் பார்க்கலாம். ஒவ்வொருவன் வாயிலிருந்தும் ஆவி வருகிறது. யாருடைய ஆவியாவது நின்றாலோ, தட்டுத்தடுமாறி வந்தாலோ, வாயு கசிகிறது என்று அர்த்தம். அந்த ஒருவனைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். மற்ற இருபத்திரண்டு பேரையும் வெளியே துரத்தலாம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அவர் எண்ணினார். பெட்டிகளுக்குப் பின்னால் ஒருவன் மறைந்தால், அவன் வெளிப்படும்வரை அங்கேயே பார்த்தார். இருபத்துமூன்று வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். முதல் நாள் அப்படிப் போயிற்று. முதல் மாதமும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் போன் செய்தாள். அவள் மூச்சு விடுவதுகூட இப்போது அவருக்கு எட்டவில்லை. இடைவெளி எது என்று தெரியாததால் அவர் விட்டு விட்டு, "வாம்மா, உடனே கிளம்பி வா" என்றே சொன்னார். உடம்பைப் பற்றிக் கேட்டதற்கும், வேலையைப் பற்றிச் சொன்னதற்கும் அதே பதில் வந்ததால், காது கேட்கவில்லை என்று அம்மா சொன்னதை, பட்டயத்தைப் பார்த்திருந்த அவள் நம்பவில்லை; அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை, எண்ணிக்கை பதினான்கில் இருக்கும்போது, சட்டையின் உள்பையில் போன் நெஞ்சோடு அதிர்ந்தது. வாரநாளில் அவரைக் கூப்பிடக்கூடியவர்கள் யாருமில்லை. பெண் ஒருபோதும் வாரநாளில் கூப்பிட்டதில்லை. அதை எடுக்க வேண்டுமானால் கையுறையைக் கழற்ற வேண்டும், கோட்டைத் திறக்க வேண்டும், கண்ணைக் கீழே கொண்டுவர வேண்டும். மூக்கன் அப்போதுதான் பெட்டிகளுக்குப் பின்னால் போயிருந்தார், இன்னும் வெளிப்படவில்லை.

போன் அதிர்ந்து நின்றது. மறுபடி அதிர்ந்தது.

மேஸ்திரி பெட்டிகளின் மூலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினைந்தாவது ஆவி வந்தது. பதினாறு, பதினேழு என்று அவர் எண்ணிக்கொண்டே போனார். நெஞ்சில் அதிர்வு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு நின்றது. இருபத்துமூன்று வந்ததும், அவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.